கடலுக்குள் ஒரு குடியிருப்பு



பாடசாலை விடுமுறை நெருங்கும்போது நமது வீடுகளில் ஒரு பேச்சு தவறாமல் எழும். "இந்த லீவுக்கு எங்கே போவது?" பிள்ளைகள் ஓர் ஊரைச் சொல்வார்கள். வாப்பா வான் கூலியைச் சொல்வார். உம்மாவோ, போகிற இடத்தில் மலசலகூடம் துப்புரவாக இருக்குமா, தொழுவதற்கு இடம் கிடைக்குமா என்று கேட்பார். கடைசியில் நுவரெலியாவோ, பேராதனைப் பூந்தோட்டமோ, ஏதேனும் ஒரு நீர்வீழ்ச்சியோ முடிவாகும். சோற்றுப் பார்சல்களைக் கட்டிக்கொண்டு புறப்பட்டுவிடுவோம்.

கடற்கரைக்குப் போகிற குடும்பங்களும் உண்டு. அங்கே நமது பெண்கள் என்ன செய்கிறார்கள் என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? பாய் விரித்து உட்கார்ந்து, சாப்பாட்டையும் செருப்புகளையும் காவல் காப்பார்கள். பின்னேரம் வெயில் தாழ்ந்த பிறகு கணுக்கால் நனையும் அளவுக்கு ஒரு தரம் போய் வருவார்கள். அத்தோடு கடல் பார்த்தாயிற்று!

நாற்புறமும் கடல் சூழ்ந்த நாட்டில் பிறந்து, அறுபது எழுபது வருடம் வாழ்ந்து, அந்தக் கடலின் மேற்பரப்பை மட்டுமே பார்த்துவிட்டுப் போகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்! மேலே அலையும் நுரையும் தெரியும். கீழே என்ன இருக்கிறது? மீன்காரர் சைக்கிள் பெட்டியில் கொண்டுவரும் உயிரற்ற மீனைத் தவிர வேறெதையும் நாம் அறியோம். அந்தக் கீழ்ப்பக்கத்தைப் பற்றித்தான் இம்முறை உங்களோடு பேச விரும்புகிறேன்.

ஓர் ஓகஸ்ட் விடுமுறையில் எனது குடும்பத்தோடு திருகோணமலை நிலாவெளிக்குப் போய், அங்கிருந்து படகில் புறாத் தீவுக்குச் சென்றுவந்தேன். உல்லாசப் பயணம் என்றே புறப்பட்டோம். ஆனால் அந்தப் பயணத்துக்கு எங்கள் வீட்டில் வேறொரு பொருளும் இருந்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் மலைநாட்டைச் சேர்ந்தவன். அரபுக் கல்லூரியில் ஓதிய காலத்திலும் சரி, இப்போது ஓதிக்கொடுக்கும் காலத்திலும் சரி, கடல் எனக்குத் தூரத்து உறவினர் போன்றது. எனது மனைவியோ கிண்ணியாவில் பிறந்தவர். கடலையும் களப்பையும் பார்த்து வளர்ந்தவர். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி காலையில் அந்தக் கடல் ஊருக்குள் வந்தது. நாடு முழுவதிலும் முப்பதாயிரத்துக்கும் அதிகமான உயிர்கள் அன்று போயின. கிழக்குக் கரையோர முஸ்லிம் ஊர்களில் உறவில் ஒருவரையாவது பறிகொடுக்காத குடும்பங்கள் குறைவு. எனது மனைவியின் தங்கைக்கு அப்போது பதினாறு வயது. அவருடைய ஜனாஸா கூடக் கிடைக்கவில்லை.

அன்றிலிருந்து என் மனைவி தாய்வீட்டுக்குப் போனாலும் கடற்கரைப் பக்கம் திரும்புவதில்லை. 2009 இல் கிண்ணியாவின் நீண்ட பாலம் திறக்கப்பட்டபோது ஊரே மகிழ்ந்தது. பாதைப் படகுக்காகக் காத்துக்கிடந்த காலம் முடிந்ததே என்று எல்லோரும் ஆறுதலடைந்தார்கள். அவரோ வாகனம் பாலத்தில் ஏறியதும் கண்களை மூடிக்கொள்வார். அந்தப் பக்கம் இறங்கிய பிறகுதான் திறப்பார். நான் ஒருநாளும் அதைப் பற்றிக் கேட்டதில்லை.

எங்கள் மகளுக்குப் பதினான்கு வயது. பாடசாலையில் விஞ்ஞானப் பாடத்துக்கு முருகைக் கற்பாறைகளைப் பற்றி ஓர் ஒப்படை செய்யக் கொடுத்திருந்தார்கள். புத்தகத்திலுள்ள படத்தைப் பார்த்து வரைவதைவிட நேரில் பார்க்க வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள். "உம்மாவும் வந்தால்தான் போவேன்" என்றும் சொல்லிவிட்டாள். மனைவி இரண்டு நாள் ஒன்றும் பேசவில்லை. மூன்றாம் நாள் தாயாரோடு தொலைபேசியில் கதைத்தார். மாமி சொன்னதை அவரே பிறகு என்னிடம் சொன்னார். "போ மகள். கடல் எடுத்த பிள்ளையைப் பெத்தவள் நான். நான் இண்டைக்கும் மீன் வாங்கிக் கறி ஆக்கத்தானே செய்யிறன்?"

இப்படித்தான் அவர் புறப்பட்டார். "படகில் ஏறுவேன், தண்ணீரில் இறங்கமாட்டேன்" என்பது நிபந்தனை.

போக நினைக்கும் சகோதரிகளுக்காக முதலில் காலநிலையைச் சொல்ல வேண்டும். நம் நாட்டில் எல்லாக் கரையும் ஒரே காலத்தில் அமைதியாக இருப்பதில்லை. மே மாதம் முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக் காற்று மேற்கிலும் தெற்கிலும் கடலைக் குமுற வைக்கும். அதே காற்று நாட்டைக் கடந்து கிழக்குக்கு வரும்போது தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் நிலாவெளிப் பக்கம் கடல் படிந்து கிடக்கும். வருட இறுதியில் வடகீழ்ப் பருவக் காற்று தொடங்கியதும் இது மாறிவிடும். அப்போது கிழக்கில் தண்ணீர் கலங்கும். ஹிக்கடுவ, கற்பிட்டி போன்ற மேற்கு, தெற்குக் கரைகளுக்கு அதன் பிறகுதான் காலம் வரும். ஆகவே புறாத் தீவுக்குப் போவதானால் ஓகஸ்ட் விடுமுறை பொருத்தமானது. காலை நேரம் இன்னும் நல்லது. காற்று எழும்புமுன் தண்ணீர் கண்ணாடிபோல் தெளிந்திருக்கும்.

உடையைப் பற்றியும் பல சகோதரிகள் யோசிப்பார்கள். தளர்ந்து தொங்கும் அபாயாவோடு நீரில் இறங்குவது ஆபத்து. துணி நீரைக் குடித்துக் கனத்து, கால்களைச் சுற்றிக்கொள்ளும். உடலை மறைக்கும் நீச்சல் உடைகள் இப்போது கடைகளில் கிடைக்கின்றன. அது இல்லாவிட்டால் இலேசான துணியில் தைத்த முழுக்கைச் சட்டையும் காற்சட்டையும், பின் குத்தாமல் இறுகக் கட்டிய தலைத்துணியும் போதும். இதில் ஒரு நன்மையும் உண்டு. வெயிலுக்காகப் பூசும் கிறீம்களில் சிலவற்றிலுள்ள இரசாயனம் முருகைகளுக்குக் கேடு செய்யும் என்று விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். மூடிய உடைக்கு அந்தக் கிறீம் அவ்வளவாகத் தேவையில்லை.

சுபஹுக்குப் பிறகு நிலாவெளிக் கரைக்குப் போனோம். பைபர் படகு, பின்னால் ஓர் எஞ்சின். படகோட்டி இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க தம்பி. ஏறுமுன் எல்லோருக்கும் உயிர்காப்பு அங்கியை மாட்டி, வாரை அவர் சொல்லச் சொல்ல நாங்களே இறுக்கிக்கொண்டோம். என் மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு, "ராத்தா, நடுவுல இருங்க. ஆட்டம் குறைவா இருக்கும்" என்றார். அவர் நடுவில் அமர்ந்து மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். கண் மூடியிருந்தது.

முதலில் ஆழ்கடல் பக்கம் போனோம். திருகோணமலைக்கு ஒரு விசேடம் உண்டு. கரைக்கு மிக அருகிலேயே கடலடியில் பெரும் பள்ளத்தாக்கு ஒன்று இறங்குகிறது. அந்த ஆழம் காரணமாக, உலகிலுள்ள விலங்குகளிலெல்லாம் பெரியதான நீலத் திமிங்கிலமும் இந்தப் பக்கம் வருவதுண்டு. முப்பது மீற்றர் வரை வளரக்கூடிய உயிர் அது. எங்களுக்கு அன்று திமிங்கிலம் தென்படவில்லை. ஆனால் டொல்பின்கள் தென்பட்டன. நமது பழைய மீனவர் ஓங்கில் என்று சொல்வது இதைத்தான்.

தூரத்தில் ஏதோ துள்ளியது. அடுத்த நிமிடம் நான்கைந்து படகுகள் அதை நோக்கிப் பறந்தன. சத்தம் போட்டுக்கொண்டு, குறுக்கும் மறுக்கும் விரட்டினார்கள். டொல்பின்கள் முங்கி மறைந்துவிட்டன. எங்கள் படகோட்டி மட்டும் தொலைவிலேயே எஞ்சினை நிறுத்திவிட்டார். "துரத்தினா ஓடும் மௌலவி. சும்மா இருந்தா அதுவே வரும்" என்றார்.

அப்படியே நடந்தது. கொஞ்ச நேரத்தில் படகின் பக்கத்தில் ஒரு மூச்சுச் சத்தம் கேட்டது. மனிதர் களைப்பில் விடுகிற பெருமூச்சு போன்றது அது. சாம்பல் நிற முதுகுகள் ஒவ்வொன்றாய் எழுந்தன. ஒன்று நீரிலிருந்து எழும்பி, பம்பரம்போல் சுழன்று விழுந்தது. தாயொன்றின் விலாவோடு ஒட்டியபடி ஒரு சிறு குட்டி போயிற்று. டொல்பின் மீனல்ல. நம்மைப் போல் நுரையீரலால் சுவாசித்து, குட்டி ஈன்று, பால் கொடுத்து வளர்க்கும் இனம். இதை மகள் தன் உம்மாவுக்குச் சொல்லிக் காட்டினாள். அப்போது பார்த்தேன், மனைவியின் கண்கள் திறந்திருந்தன. குட்டி மறையும் வரை அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கிருந்து தீவுக்குத் திரும்பினோம். புறாத் தீவு நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறது. பெரியது ஒன்று, சிறியது ஒன்று என இரண்டு பாறைத் தீவுகள். பெரியதே இருநூறு மீற்றர் நீளம்தான் வரும். மாடப்புறாக்கள் பாறை இடுக்குகளில் கூடு கட்டுவதால் இந்தப் பெயர். ஆங்கிலேயர் ஆண்ட காலத்தில் இதைச் சுடும் பயிற்சிக்கு இலக்காகப் பாவித்தார்கள் என்றால் நம்புவீர்களா? 1963 இல் சரணாலயமாக்கப்பட்டு, 2003 இல் தேசிய பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டது. யுத்த காலத்தில் அந்தப் பக்கம் போய்வருவது இலகுவாக இருக்கவில்லை. 2009 இல் யுத்தம் முடிந்த பிறகுதான் கூட்டம் கூட்டமாக மக்கள் வரத் தொடங்கினார்கள். வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதிச்சீட்டு எடுத்துத்தான் போக வேண்டும்.

தீவின் கரையில் மணலோடு முருகைத் துண்டுகள் வெள்ளை வெளேரென்று குவிந்து கிடக்கின்றன. விரல் போலவும், மான் கொம்பு போலவும், பூவரும்பு போலவும் உடைந்த துண்டுகள். நடக்கும்போது ஓட்டுத் துண்டுகள் உரசுவதுபோல் சத்தம் கேட்கும். மகன் இரண்டைப் பொறுக்கிச் சட்டைப் பைக்குள் போட்டான். படகோட்டி சிரித்துக்கொண்டே, "தம்பி, இங்கேயிருந்து ஒண்டும் கொண்டு போக ஏலாது. வைச்சிட்டு வாங்க" என்றார். பூங்காவுக்குள்ளிருந்து எதையும் எடுத்துச் செல்லச் சட்டம் இடம் தராது. அவன் திரும்ப வைத்தான்.

முகமூடியையும் மூச்சுக் குழாயையும் வாடகைக்கு எடுத்திருந்தோம். ஸ்நோக்கல் என்று சொல்கிறார்கள். இது பெரிய வித்தையல்ல. கண்ணாடி முகமூடி கண்ணையும் மூக்கையும் மூடிக்கொள்ளும். குழாயின் ஒரு முனை வாயில், மறுமுனை நீருக்கு மேலே. உயிர்காப்பு அங்கியோடு குப்புற மிதந்துகொண்டு முகத்தை மட்டும் தண்ணீருக்குள் வைத்தால் போதும். வாயால் மெதுவாக மூச்சு விட வேண்டும். நீந்தத் தெரியாத எனக்கே ஐந்து நிமிடத்தில் பழகிவிட்டது. இடுப்பளவு நீரில், மணல் உள்ள இடத்தில் நின்று முதலில் பழகிக்கொள்வது முக்கியம். தனியாக ஒருபோதும் போகக்கூடாது. மூச்சு வருத்தமோ இருதய வருத்தமோ உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

முகத்தை உள்ளே வைத்ததும் முதலில் என் மூச்சுச் சத்தம்தான் கேட்டது. பிறகு கண் தெளிந்தது. சகோதரிகளே, அதை எப்படிச் சொல்வேன்! கீழே மேசை போல் விரிந்த முருகைகள். கொம்பு போல் கிளைத்தவை. அரிசிமூட்டை போல் உருண்டு திரண்டவை. அவற்றின் இடுக்கெல்லாம் மீன்கள். மஞ்சளில் கறுப்புக் கோடு போட்டவை சோடி சோடியாகத் திரிந்தன. பச்சையும் நீலமுமான கிளி மீன் ஒன்று கல்லைக் கடித்தது. கடிக்கும் சத்தம் 'கறுக் கறுக்' என்று நீருக்குள் கேட்டது. அது கல்லோடு சேர்த்து விழுங்கி, கல்லை வெண்மணலாகக் கழித்துவிடும். நாம் அழகென்று புகழும் வெண்மணற் கரைகளில் ஒரு பங்கு இந்த மீன் அரைத்துக் கொடுத்ததுதான்!

அந்த முருகையைப் பற்றி நாம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. அது கல்லுமல்ல, செடியுமல்ல. அது உயிருள்ள பிராணிகளின் கூட்டம். அரிசிமணி அளவிலான ஆயிரக்கணக்கான சிற்றுயிர்கள் சேர்ந்து, கடல்நீரிலிருந்து சுண்ணாம்பைப் பிரித்தெடுத்துத் தமக்கு வீடு கட்டுகின்றன. அவற்றின் உடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. பாசி சூரிய ஒளியில் உணவு சமைத்து முருகைக்குக் கொடுக்கும். முருகை பாசிக்கு இருப்பிடம் கொடுக்கும். நிறமும் பெரும்பாலும் பாசியால் வருவதே. இந்த வீடு மெல்ல மெல்லத்தான் எழும்பும். உருண்டைப் பாறை போன்ற வகைகள் வருடத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் வளர்ந்தாலே பெரிது. உங்கள் இடுப்பளவு உயர்ந்த ஒரு முருகையைப் பார்த்தால், அது உங்கள் பாட்டியாரின் வயதை உடையது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மகளும் நானும் ஓர் ஆமையைக் கண்டோம். கிளியின் அலகு போல் வளைந்த வாயுடைய அழுங்காமை அது. உலகில் ஏழு வகைக் கடலாமைகள் உண்டு. அவற்றில் ஐந்து நமது நாட்டுக் கரைகளில் வந்து முட்டையிடுகின்றன. அது எங்களைப் பொருட்படுத்தவேயில்லை. கல்லிடுக்கில் மேய்ந்தது. பின் மேலே வந்து தலையை நீட்டி ஒரு மூச்சு வாங்கிக்கொண்டு, துடுப்புப் போன்ற கைகளை வீசி ஆழத்துக்குப் போய்விட்டது. ஆமைகள் மிதக்கும் பொலித்தீன் பையைச் சொறிமுட்டை என்று எண்ணி விழுங்கி, குடல் அடைபட்டுச் சாகின்றன. நமது சோற்றுப் பார்சலின் உறை காற்றில் பறந்தால் அது போய்ச் சேரும் இடம் இதுதான்.

தீவின் மறுபக்கத்தில் மகன் கத்தினான். "வாப்பா, சுறா!" உண்மைதான். ஒன்றரை மீற்றருக்குள் நீளமான மூன்று சுறாக்கள். செட்டையின் நுனி கறுப்பு மையில் தோய்த்தெடுத்தது போல் இருந்தது. இந்தக் கரும்நுனிச் சுறா கூச்ச சுபாவமுள்ளது. சிறு மீன்களே அதன் இரை. தீண்டாமல், தீனி போடாமல் விட்டால் அது தன்பாட்டில் போய்விடும். நம்மைக் கண்டதும் அதுவே விலகி ஓடியது. பிள்ளை பெற்ற வீட்டில் பால் சுறா வறை ஆக்கிக் கொடுப்பது நமது பெண்களுக்குக் கைவந்த பழக்கம். சட்டிக்கு வெளியே, உயிரோடு ஒரு சுறாவை அன்றுதான் என் பிள்ளைகள் பார்த்தார்கள். இந்தச் சுறாவும் முட்டையிடாமல் குட்டியே போடும் என்று படகோட்டி சொன்னபோது மகன் வாய் பிளந்து நின்றான்.

இவ்வளவு நேரமும் என் மனைவி கரையில்தான் இருந்தார். நான் வற்புறுத்தவில்லை. மகள் போய், "உம்மா, முழங்கால் அளவு தண்ணியில இருந்துகொண்டே பாக்கலாம். நான் கையைப் பிடிக்கிறேன்" என்றாள். அவர் எழுந்து வந்தார். மணலில் முழந்தாளிட்டு, முகமூடியை மாட்டி, முகத்தை நீருக்குள் வைத்தார். உடனே எடுத்துவிட்டார். இருமினார். மறுபடியும் வைத்தார். இம்முறை எண்ணிப் பத்து விநாடி. மூன்றாம் முறை குனிந்தவர் நிமிரவேயில்லை. மகள் கையைப் பிடித்தபடி மெல்ல மெல்ல மிதந்து முருகைகளின் விளிம்பு வரைக்கும் போய்விட்டார். படகோட்டி ஒரு மிதவை வளையத்தோடு பக்கத்திலேயே நின்றார். கால் மணித்தியாலம் கழித்து எழுந்து முகமூடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

"இஞ்சேருங்க, இதுக்குள்ள ஒரு ஊரே இருக்கு" என்றார்.

சற்று நேரம் கழித்து, தலைத்துணியைப் பிழிந்துகொண்டே, யாரிடமும் சொல்லாததுபோல் இன்னொன்றையும் சொன்னார். "அவள் வெறும் இருட்டுக்குள்ளதான் போனாள் எண்டுதான் இவ்வளவு காலமும் நினைச்சிருந்தன்."

இதற்கு நான் விளக்கம் எழுதப் போவதில்லை.

ஆனால் அன்று கண்ட இன்னொரு காட்சியைச் சொல்லாமல் விடவும் முடியாது. எங்களுக்குப் பிறகு வந்த ஒரு கூட்டத்தினர் இடுப்பளவு நீரில் வரிசையாக நின்று படம் பிடித்தார்கள். நின்றது மணலில் அல்ல, முருகையின் மேல். நால்வர் ஏறியதும் மேசை போன்ற ஒரு முருகை முறிந்து சரிந்ததை மகள் நீருக்குள்ளிருந்து பார்த்தாள். அவர்களுக்கு அது உயிர் என்று தெரியாது. கல் என்றே நினைத்தார்கள். படகோட்டி கத்தித்தான் அவர்களை இறக்கினார். "ஒவ்வொரு லீவு நாளும் இப்படித்தான் மௌலவி" என்றார். அவர் குரலில் கோபத்தைவிடக் கவலைதான் தெரிந்தது. முருகை போனால் மீன் போகும். மீன் போனால் அவர் படகில் யார் ஏறுவார்?

அவருடைய பிழைப்பு மட்டுமல்ல, நமது உயிரும் இதில் இருக்கிறது. 2004 ஆம் ஆண்டின் பேரலைக்குப் பிறகு தென்கரையை ஆராய்ந்தவர்கள் ஒரு வேறுபாட்டை எழுதி வைத்தார்கள். ஹிக்கடுவவில், முருகைக் கற்பாறை பாதுகாக்கப்பட்ட பகுதியில், அலை இரண்டு மூன்று மீற்றர் உயரத்துக்கே எழும்பி, ஐம்பது மீற்றர் அளவே உள்ளே வந்தது. அதற்குச் சில கிலோமீற்றர் வடக்கேயுள்ள பெரலியவில், சுண்ணாம்புக்காக நீண்ட காலமாக முருகைக் கல் தோண்டப்பட்ட கரையில், அது பத்து மீற்றர் உயரம் எழுந்து ஒன்றரை கிலோமீற்றர் உள்ளே பாய்ந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்த அந்தப் புகையிரதம் நின்ற இடம் அதுதான். எல்லாப் பேரலைகளையும் முருகை தடுத்துவிடும் என்று எவரும் சொல்லவில்லை. ஆயினும் கரைக்கு முன்னால் கடல் தானே கட்டிவைத்த மதில் அது. நமது முன்னோர் அந்த மதிலை உடைத்துச் சூளையில் சுட்டு வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள். இன்று கடலில் முருகைக் கல் எடுப்பது சட்டப்படி குற்றம். காலால் உடைப்பதைத் தடுக்கச் சட்டத்தைவிட நமது அறிவுதான் வேண்டும்.

திரும்பி வரும் வழியில் இதை நான் மனைவிக்குச் சொன்னேன். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசாமல் வந்து, "அப்ப அந்தக் கல்லு உடைஞ்சதைப் பாத்து நாங்க சும்மா இருக்கக்கூடாதுதானே" என்றார்.

வேறோர் ஆபத்தும் இருக்கிறது. கடல்நீர் வழக்கத்தைவிட ஒரு பாகை அளவு கூடுதலாகச் சூடேறி, அது சில வாரங்கள் நீடித்தால், முருகை தன்னுள்ளிருக்கும் பாசியை வெளியேற்றிவிடும். நிறம் போய் எலும்புபோல் வெளுக்கும். சூடு தணிந்தால் பிழைக்கும், தணியாவிட்டால் சாகும். 1998 இல் இப்படியொரு வெப்பத்தில் நம் நாட்டின் மேற்கு, தெற்குக் கரைகளின் முருகைகள் பெருமளவில் அழிந்தன. திருகோணமலைப் பக்கம் அப்போது பெரும்பாலும் தப்பியது. 2024 இல் உலகின் பல கடல்களிலும் முருகைகள் மீண்டும் வெளுத்தன. கடலின் சூட்டைத் தணிப்பது ஒரு குடும்பத்தின் கையில் இல்லை. ஆனால் சூட்டால் ஏற்கெனவே சோர்ந்திருக்கும் ஓர் உயிரின் தலையில் ஏறி நிற்காமலிருப்பது நம் கையில்தான் இருக்கிறது.

சகோதரிகளே! பிறர் வீட்டுக்குப் போகும்போது எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர்கள் நீங்கள். சலாம் சொல்லி நுழை, செருப்பைக் கழற்று, அலுமாரியைத் திறக்காதே, பண்டத்தைத் தொடாதே, குப்பை போடாதே, அவர்கள் தொட்டிலில் கிடக்கும் பிள்ளையை எழுப்பாதே. இந்தப் பாடத்தையே கடலுக்கும் கொண்டுபோங்கள். மணல் உள்ள இடத்தில் மட்டும் கால் வையுங்கள். முருகை மேல் மிதக்கலாம், நிற்கக்கூடாது. ஆமையைத் தொடாதீர்கள், சுறாவுக்குத் தீனி போடாதீர்கள், டொல்பினைத் துரத்தும் படகுக்குக் கூலி கொடுக்காதீர்கள். சோற்றை வாழையிலையில் கட்டுங்கள் அல்லது பாத்திரத்தில் எடுத்துச் செல்லுங்கள். எடுத்துப் போனதையெல்லாம் திரும்ப எண்ணிக் கொண்டுவாருங்கள். எல்லோருக்கும் உயிர்காப்பு அங்கி இல்லாத படகில் எவ்வளவு குறைந்த கூலியானாலும் ஏறாதீர்கள்.

இவற்றையெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கூட்டிக்கொண்டு போங்கள். ஆனால் போனால், பாயில் உட்கார்ந்து செருப்புக்குக் காவல் இருக்காதீர்கள். அந்த வேலையை ஒரு மணித்தியாலத்துக்கு ஆண்கள் பார்க்கட்டும். நீங்களும் ஒரு தரம் முகத்தைத் தாழ்த்தி உள்ளே பாருங்கள். நமது கறிச்சட்டிக்கு மீன் தரும் கடலில் நம்மைவிட முந்திக் குடியேறியவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பார்த்து வாருங்கள். பார்த்தவர்கள் அதை உடைக்க மனம் கொள்ளமாட்டார்கள். உடைக்கிறவர்களைக் கண்டால் சும்மாவும் இருக்கமாட்டார்கள்.

எங்கள் மகள் ஒப்படையைப் பூர்த்தி செய்து கொடுத்துவிட்டாள். அதில் அவள் வரைந்த மேசை முருகையின் ஓரம் ஒன்று முறிந்திருக்கிறது. ஆசிரியை காரணம் கேட்டாராம். வகுப்பு முழுவதற்கும் எழுந்து நின்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.